பெருநாள் காலமும் வேலையின் உரிமையும்



ரமளான் பிறை தென்பட்ட இரவிலிருந்து ஹஜ்ஜுப் பெருநாளின் கடைசி குர்பானி நாள் வரை எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழ நூறு நாட்கள் வரும். இந்த நூறு நாட்களும் நம் இல்லங்களில் ஒரே பருவமாகவே கழிகின்றன. நோன்பு, தராவீஹ், இருபத்தேழாம் இரவு, ஈகைத் திருநாள், அதன் பின் கல்யாண மாதமாகிய ஷவ்வால், ஹாஜிகளை வழியனுப்புதல், அரஃபா நோன்பு, குர்பானி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து கொண்டேயிருக்கும். ஆனால் இந்த நூறு நாட்களிலும் கடையைத் திறக்க வேண்டியிருக்கிறது, பட்டறைக்குப் போக வேண்டியிருக்கிறது, மாதக் கடைசியில் வாடகை கொடுக்க வேண்டியிருக்கிறது. வணக்கத்திலும் மகிழ்ச்சியிலும் மனம் செல்லும் காலத்தில் வேலையை எப்படிச் செய்வது? வேலை நெருக்கும்போது பெருநாளின் மகிழ்ச்சியை எப்படிக் காப்பது? இந்தக் கேள்விக்கு மார்க்கத்தில் வழியிருக்கிறது. நாம்தான் அதைத் தேடிப் பார்ப்பதில்லை.

பலர் இதை எளிதாகத் தீர்த்துவிடுகிறார்கள். நோன்பு மாதத்தில் வேலை சரியாக நடக்காது, அது அப்படித்தான் என்று ஒரு சாரார் சொல்லுகிறார்கள். வியாபாரம் நடக்கும் மாதத்தில் பள்ளிவாசலுக்குப் போய் உட்கார்ந்திருக்க முடியுமா என்று மற்றொரு சாரார் கேட்கிறார்கள். முன்னவர் வேலையின் உரிமையைப் பறிக்கிறார். பின்னவர் மாதத்தின் உரிமையைப் பறிக்கிறார். இருவரும் தத்தம் வழியை நியாயம் என்றே நினைக்கிறார்கள் என்பதுதான் வேதனை.

அடுத்தடுத்த இரண்டு வசனங்கள்

திருக்குர்ஆனில் ‘அல்கஸஸ்’ என்னும் 28-ஆவது அத்தியாயத்தில் மூஸா (அலை) அவர்களின் வரலாறு வருகிறது. மிஸ்ரிலிருந்து தப்பி மத்யன் நாட்டுக்கு வந்து சேர்ந்த அவர்கள், கிணற்றடியில் காத்து நின்ற இரண்டு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தார்கள். அப்பெண்களில் ஒருத்தி தன் தந்தையிடம் சென்று, இவரை வேலைக்கு அமர்த்திக் கொள்ளுங்கள் என்று பரிந்துரைக்கிறாள். வேலைக்கு வைக்கத் தகுந்தவர் யார் என்பதற்கு 26-ஆவது வசனத்தில் அவள் இரண்டே அடையாளங்களைச் சொல்லுகிறாள். ஒன்று உடல் வலிமை, மற்றொன்று நம்பிக்கை.

இந்த வசனத்தை வேலைக்காரர்களுக்கு உபதேசம் செய்யும்போது எல்லோரும் எடுத்துச் சொல்லுவார்கள். அடுத்த வசனத்தை அவ்வளவாகச் சொல்லுவதில்லை. 27-ஆவது வசனத்தில் அந்த முதியவர் பேசுகிறார். எட்டு ஆண்டுகள் வேலை செய்ய வேண்டும், பத்தாக நிறைவு செய்தால் அது உம் விருப்பம் என்று கணக்கைத் தெளிவாக முன்வைக்கிறார். அத்தோடு நிறுத்தவில்லை. உம்மைச் சிரமப்படுத்த நான் விரும்பவில்லை என்ற கருத்தையும் சேர்த்தே சொல்லுகிறார். வேலை செய்பவரின் நம்பிக்கை ஒரு வசனத்தில். வேலை வாங்குபவரின் வாக்கு மறு வசனத்தில். இரண்டையும் அல்லாஹு தஆலா அடுத்தடுத்து வைத்திருக்கிறான். மூஸா (அலை) அவர்கள் எந்தத் தவணையை நிறைவேற்றினார்கள் என்று கேட்கப்பட்டபோது, இரண்டில் நீண்டதையே நிறைவேற்றினார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் விளக்கம் சொன்னதாக புகாரியில் காண்கிறோம்.

நம் பெருநாள் காலத்துக்கு இந்த இரண்டு வசனங்களும் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. வேலையாளும் முதலாளியும் முதலிலேயே மனம்விட்டுப் பேசிக் கணக்கைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். கணக்கு தெளிவான பின் வேலையாள் களவு செய்யக்கூடாது. முதலாளி கசக்கிப் பிழியக் கூடாது. நம் திண்டுக்கல்லையே எடுத்துக் கொண்டு இதைப் பார்ப்போம்.

நோன்பாளியின் பகல்

பூட்டுப் பட்டறைகளும், தோல் ஷாப்புகளும், கறிக்கடைகளும், துணிக்கடைகளும், பிரியாணிக் கடைகளும் நிறைந்த ஊர் இது. 2019-ஆம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பேகம்பூர் என்ற பெயரே ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிஸா பேகத்தின் பெயரால் வந்தது. அந்த அம்மையார் அடங்கியிருக்கும் பெரிய பள்ளிவாசலில் நோன்பு திறக்க அமர்ந்திருப்பவர்களின் கைகளைப் பாருங்கள். அரம் பிடித்துக் காய்த்த கை, உப்பும் சுண்ணாம்பும் அரித்த கை, ஊசி குத்திய விரல். இவர்களில் பலர் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களல்லர்.

நம் மாதங்கள் பிறைக் கணக்கைப் பின்பற்றுவதால் ரமளான் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாட்கள் முன்னே நகர்ந்து, சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவிட்டு வருகிறது. 1985-இல் மே மாதப் பிற்பகுதியில் தொடங்கிய ரமளான், 2018-இல் மறுபடியும் மே மாதத்துக்கே வந்து சேர்ந்தது. கத்திரி வெயிலில் மலைக்கோட்டைப் பாறையே கொதிக்கும் நாட்களிலும் நோன்பு வரும். மார்கழிக் குளிரிலும் வரும். ஆகவே ஒரு வருடத்து ஏற்பாடு இன்னொரு வருடத்துக்குப் பொருந்தாது. ஒவ்வொரு ஷஃபானிலும் புதிதாக யோசிக்க வேண்டும்.

நோன்பு வேலையைக் கெடுக்கிறதா? அனுபவத்தில் பார்த்தால், பெரும்பாலும் நோன்பு கெடுப்பதில்லை, தூக்கக் குறைவுதான் கெடுக்கிறது. தராவீஹ் முடிந்ததும் தேநீர்க் கடைப் பெஞ்சில் ஒரு மணி வரை பேச்சு, இப்போது அதற்கு மேல் கைப்பேசி. பிறகு ஸஹருக்காக மூன்றரை மணிக்கு விழிப்பு. மறுநாள் காலையில் லேத்துக்கு முன்னால் நின்று கண் சொருகுகிறது. பசியால் விரல் நசுங்கியவரை நான் கண்டதில்லை. தூக்கத்தால் நசுங்கியவரைக் கண்டிருக்கிறேன். இஷாவுக்குப் பின் வீண் பேச்சை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள் என்பது ஹதீஸில் வந்திருக்கிறது. மற்ற மாதங்களில் அதைப் பேணுகிற சிலர்கூட ரமளானில் கைவிட்டுவிடுகிறோம்.

இன்னொரு சுன்னத்தும் நம்மிடம் மறைந்து வருகிறது. இந்த உம்மத்துக்கு அதிகாலையில் பரக்கத் கிடைக்க வேண்டுமென நபி (ஸல்) அவர்கள் துஆ செய்தார்கள். அந்த ஹதீஸை அறிவிக்கும் ஸக்ர் அல்காமிதீ (ரலி) அவர்கள் ஒரு வியாபாரி. தம் சரக்குகளைப் பகலின் தொடக்கத்திலேயே அனுப்பி வைப்பார், அதனால் செல்வம் பெருகியது என்று அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் காண்கிறோம். ஸஹர் செய்து ஸுப்ஹு தொழுதவருக்கு வயிற்றில் உணவும் உடலில் தெம்பும் இருக்கும் நேரம் அதுதான். கடினமான வேலையை ஆறு மணிக்குத் தொடங்கினால் பதினொரு மணிக்குள் பெரும்பகுதியை முடித்துவிடலாம். லுஹருக்குப் பின் சிறிது கைலூலா, அதாவது பகல் தூக்கம். பிறகு அஸர் வரை எண்ணுதல், அடுக்குதல், கணக்கு எழுதுதல் போன்ற இலேசான வேலை. நம் ஊரில் சில பட்டறைகளில் ரமளானுக்கென்று இப்படி நேரத்தை மாற்றி வைக்கிறார்கள். மாற்றாத இடத்தில் வேலை செய்பவர், மாற்றித் தரும்படி வாய் திறந்து கேட்கலாமல்லவா? கேட்காமல் ஒளிந்து தூங்குவதுதான் குற்றம்.

‘நான் நோன்பாளி’ என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். யாராவது திட்டினால், சண்டைக்கு வந்தால் அப்படிச் சொல்லும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுக் கொடுத்தார்கள். தன் கையையும் நாவையும் அடக்கிக் கொள்வதற்காகக் கற்றுத் தந்த சொல் அது. நம் பட்டறைகளில் அது எதற்குப் பயன்படுகிறது? மூட்டையைத் தூக்கச் சொன்னால் நான் நோன்பாளி; வாடிக்கையாளர் பொறுமையாக ஒரு கேள்வி கேட்டால் நான் நோன்பாளி. பக்கத்தில் வேலை செய்யும் மாற்று மதச் சகோதரர் ஒன்றும் பேசாமல் அந்த மூட்டையையும் சேர்த்துத் தூக்குகிறார். நம் நோன்பின் சுமையை அவர் முதுகில் ஏற்றிவிட்டு, மாலையில் அவருக்கு ஒரு சொம்பு நோன்புக் கஞ்சி கொடுத்தால் கணக்கு நேராகிவிடுமா? பொய்யையும் தீய செயலையும் விடாதவர் உணவையும் பானத்தையும் விட்டிருப்பதில் அல்லாஹ்வுக்குத் தேவை ஏதுமில்லை என்ற கருத்தில் வந்த ஹதீஸ், ஏமாற்றிய வேலை நேரத்துக்கும் பொருந்துமே என்று எனக்கு அச்சமாக இருக்கிறது.

இதில் ஒரு மஸ்அலாவையும் சொல்லிவிடுகிறேன். சுமை தூக்குபவர், வெயிலில் நிற்பவர் போன்றோர் இன்று வேலை கடினம் என்ற காரணத்துக்காக முன்கூட்டியே நோன்பை விட்டுவிட முடியாது. நிய்யத் வைத்து நோன்புடனே வேலையைத் தொடங்க வேண்டும். இடையில் உடலுக்கு ஆபத்து வருமென்று உண்மையாகவே அஞ்சும் நிலை வந்தால், நோன்பை முறித்துக்கொண்டு பின்னர் களாச் செய்ய வேண்டும். அவரவர் நிலையை மஹல்லா ஆலிமிடம் நேரில் சொல்லிக் கேட்டுக் கொள்வது நல்லது. வெயிலில் மயங்கி விழும் வரை பிடிவாதமாக நிற்பது மார்க்கம் கேட்கும் தியாகமல்ல.

இரவுத் தொழுகையிலும் உழைப்பாளிக்கு இடமிருக்கிறது. முஆத் (ரலி) அவர்கள் தம் கூட்டத்தாருக்கு இஷாத் தொழ வைக்கும்போது ‘அல்பகரா’ அத்தியாயத்தை ஓதத் தொடங்கினார்கள். பகலெல்லாம் தண்ணீர் இறைக்கும் ஒட்டகங்களுடன் உழைத்துவிட்டு இருட்டும் நேரத்தில் வந்த ஒருவர், தாங்க முடியாமல் ஜமாஅத்திலிருந்து விலகித் தனியே தொழுதுவிட்டுப் போய்விட்டார். விஷயம் நபி (ஸல்) அவர்களிடம் சென்றது. கண்டிக்கப்பட்டவர் யார்? அந்த உழைப்பாளியல்லர், இமாமாக நின்ற முஆத் (ரலி) அவர்கள்தாம்! பின்னால் முதியவரும், பலவீனரும், அலுவல் உள்ளவரும் நிற்கிறார்கள், சிறு அத்தியாயங்களை ஓதும் என்று அறிவுறுத்தினார்கள். பள்ளிவாசல் நிர்வாகிகள் இந்தச் செய்தியை மறக்கக் கூடாது. அதே வேளையில், இருபது ரக்அத்தைப் பன்னிரண்டு நிமிடத்தில் முடிக்கும் பள்ளியைத் தேடி ஊர் சுற்றும் இளைஞர்களுக்கு முஆத் (ரலி) அவர்களின் வரலாறு ஆதாரமாகாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

காஜா எடுக்காத சட்டை

என் சிறு வயதில் எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு தையற்காரர் இருந்தார். நல்ல மனிதர், கைத்திறமை உள்ளவர். வந்த துணியை வேண்டாமென்று சொல்லத் தெரியாது. ரமளான் பிறை 20-க்குப் பிறகும் துணி வாங்கிப் போட்டுக்கொண்டே இருப்பார். யார் கேட்டாலும், பெருநாள் இரவு வாங்கிக்கலாம் பாய், இன்ஷா அல்லாஹ் என்பார். கடைசிப் பத்து இரவுகளில் பள்ளியில் அவரைக் காண முடியாது. மிஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்கும். காஜா எடுக்கும் பையன்கள் இருவரும் ஸஹர் வரை உட்கார்ந்தபடியே தூங்கி விழுவார்கள். அந்த ஆண்டுப் பெருநாள் காலையில் என் தம்பியின் சட்டை கைக்கு வந்தபோது அதில் காஜாவும் இல்லை, பட்டனும் இல்லை. அம்மா ஊக்கு குத்தி அனுப்பினார்கள். தொழுகைத் திடல் முழுவதும் அவன் நெஞ்சில் கை வைத்து மூடிக்கொண்டே நடந்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. எங்களுக்கு ஊக்காவது கிடைத்தது. அத்தா இல்லாத இன்னொரு வீட்டுப் பிள்ளையின் துணி வெட்டப்படாமலேயே கிடந்ததாகப் பின்னால் கேள்விப்பட்டோம்.

அந்தத் தையற்காரர் சோம்பேறியல்லர். யாரையும் ஏமாற்ற வேண்டுமென்று நினைத்தவருமல்லர். தம்மால் முடிவதற்கு மேல் வாக்களித்தார், அவ்வளவுதான். ‘இன்ஷா அல்லாஹ்’ என்ற புனிதமான சொல்லை, முடியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு அந்த இடத்தில் வைத்தார். வாக்களித்தால் மாறுவது நயவஞ்சகனின் அடையாளங்களில் ஒன்று என்று ஹதீஸில் எச்சரிக்கை வந்திருக்க, நம்மில் எத்தனை பேர் அந்தச் சொல்லை இப்படிச் செலவழிக்கிறோம்!

இப்போது பல தையற்கடைகளில் பிறை 10 அல்லது 15-உடன் துணி வாங்குவதை நிறுத்தி, பலகையில் எழுதிப் போட்டுவிடுகிறார்கள். அந்தப் பலகையைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். அவரும் பிறை 21-க்குப் பின் ஓர் இரவாவது பள்ளியில் நிற்க வேண்டுமென்றால், காஜாப் பையன் பெருநாளன்று விழித்திருக்க வேண்டுமென்றால் அந்தப் பலகை தேவை. துணியை ஷஃபானிலேயே எடுத்துக் கொடுப்பது வாடிக்கையாளராகிய நம் பங்கு. கையில் காசு கடைசியில்தான் வரும் என்கிறீர்களா? உண்மைதான். அங்கேதான் முதலாளிமார்களின் கடமை வந்து நிற்கிறது. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கும்படி நபிமொழி ஏவுகிறது. பெருநாள் போனஸை இருபத்தொன்பதாம் பிறை இரவில் கொடுத்தால், அந்தப் பணம் எந்தத் தையற்காரரையும் நேரத்தில் சென்று சேராது. விலை ஏறிய கடைக்குத்தான் போய்ச் சேரும். பிறை 15-இல் கொடுப்பதால் முதலாளிக்கு ஒரு காசு கூடுதல் செலவில்லை. அதே தொகைதான், இரண்டு வாரம் முந்துகிறது.

ஜகாத்தும் ஃபித்ராவும் வாரி வழங்கும் கையே கூலியை இழுத்தடிப்பதையும் சில இடங்களில் காண்கிறோம். தருமம் கொடுத்துப் பெற்ற நன்மையை, தர வேண்டியதைத் தராத கணக்கில் இழப்பதா?

பெருநாளன்றும் வேலை

2025-ஆம் ஆண்டு நம் நாட்டில் ஈகைத் திருநாள் மார்ச் 31, திங்கட்கிழமை வந்தது. அதுவே அரசாங்கக் கணக்கு ஆண்டின் கடைசி நாள். அரசு வரவு செலவுகளைக் கவனிக்கும் வங்கிக் கிளைகள் அன்று விடுமுறையானாலும் திறந்திருக்க வேண்டுமென்று ரிசர்வ் வங்கி அறிவித்திருந்தது. அத்தகைய கிளைகளில் வேலை பார்க்கும் முஸ்லிம்களும் உண்டு. பெருநாள் என்றால் எல்லோருக்கும் ஓய்வு என்பது எந்தக் காலத்திலும் முழு உண்மையாக இருந்ததில்லை. மருத்துவமனைத் தாதியருக்கும், பேருந்து ஓட்டுநருக்கும், மின்சார வாரியத்து ஊழியருக்கும் அந்த நாள் எப்போது எளிதாக இருந்தது?

தமிழ்நாட்டில் 1958-இல் இயற்றப்பட்ட தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம், தொழில் நிறுவனங்களில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு வேறு ஐந்து பண்டிகை நாட்களுக்கும் சம்பளத்துடன் விடுமுறை தர வேண்டுமென்கிறது. அந்த நாளில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் தர வேண்டும். அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் சம்பள விடுமுறை தர வேண்டும். நம் சகோதரர்களில் பலருக்கு இது தெரியாது. பெருநாளன்று வேலைக்குப் போக நேர்ந்தால் பதிலுக்கு ஒரு நாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அந்த நாளைப் பிள்ளைகளோடு கழிக்கலாம்.

பெருநாளின் மகிழ்ச்சி வேலை மிச்சப்பட்டால் வைத்துக்கொள்ளும் சில்லறை அல்ல. மதீனத்து மக்களுக்கு விளையாடி மகிழ முன்பிருந்த இரண்டு நாட்களுக்குப் பகரமாக அல்லாஹ் இரு பெருநாட்களைத் தந்தான் என்று அபூதாவூதில் காண்கிறோம். பெருநாளன்று அபிசீனியர்கள் ஈட்டிகளும் கேடயங்களும் கொண்டு பள்ளிவாசலில் விளையாடினார்கள். நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களைத் தம் பின்னால் நிறுத்தி அதைப் பார்க்க வைத்தார்கள். எவ்வளவு நேரம்? ஆயிஷா (ரலி) அவர்களுக்கே போதுமென்று ஆகும் வரை. ஒரு நாட்டின் பொறுப்பையும் ஒரு உம்மத்தின் பொறுப்பையும் சுமந்தவர்கள், அந்த நாளில் தம் இல்லத்தாருக்காக அப்படி நின்றார்கள். நாமோ பிரியாணித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, கைப்பேசியில் கடைச் சரக்கைப் பற்றிப் பேசிக் கொண்டிருக்கிறோம். கடைக்காரரே, பெருநாளுக்கு முந்திய இரவு வரை வியாபாரம் செய்யுங்கள், குற்றமில்லை. காலையில் தக்பீர் சொல்லத் தொடங்கியபின் அந்தக் கருவியை மாடத்தில் வைத்துவிடலாம்.

இல்லத்தரசிகளைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை அநீதியாகும். இந்த நூறு நாட்களில் விடுமுறையே இல்லாத உழைப்பாளி யார் என்று கேட்டால், ஸஹருக்கு முதலில் எழுந்து கடைசியில் உண்பவர்தான். பெருநாளன்று ஆண்கள் தொழுகை முடித்து ஒருவரையொருவர் கட்டித் தழுவிக் கொண்டிருக்கும்போது, அவர் சீரகச் சம்பா அரிசியை உலையில் இட்டுக் கொண்டிருப்பார். விருந்தாளிகள் லுஹர் வரை வருவார்கள். புதுப் புடவை பீரோவிலேயே இருக்கும். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, வீட்டார் வேலைகளில் உதவியாக இருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுச் செல்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் பதில் சொன்னார்கள். வெங்காயம் உரிப்பதற்கும், பாத்திரம் கழுவுவதற்கும், விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுப்பதற்கும் மகன்களுக்குக் கை இல்லையா? ஒரு பண்டம் குறைந்தாலும் பரவாயில்லை, தாயார் காலையிலேயே புதுப் புடவை உடுத்தட்டும்.

தோலும் உப்பும்

ஈகைத் திருநாளை விட ஹஜ்ஜுப் பெருநாளில் நம் ஊருக்கு வேலை அதிகம். திண்டுக்கல்லில் தோல் பதனிடுவது பழைய தொழில். ஆட்டை அறுத்து உரித்த உடனே தோலில் அழுகல் தொடங்கிவிடுகிறது. நம் வெப்பத்தில் நான்கைந்து மணி நேரத்துக்குள் சதைப்பக்கம் முழுவதும் உப்பைத் தேய்த்து, நிழலில் விரித்து அடுக்க வேண்டும். பச்சைத் தோலின் எடையில் ஏறத்தாழப் பாதியளவு உப்பு செல்லும். தாமதித்தால் முடி கழன்று வரும், தோலின் மேல்பக்கம் புள்ளி விழும், மண்டியில் தள்ளிவிடுவார்கள். ஆகவே ஊரே விருந்தில் இருக்கும் நேரத்தில்தான் தோலுக்கு ஆள் வேண்டும். ஹனபி மத்ஹபில் மூன்று நாட்களும் ஷாபியி மத்ஹபில் நான்கு நாட்களும் குர்பானி உண்டு. அத்தனை நாட்களும் தோல் வந்துகொண்டே இருக்கும்.

ஹிஜ்ரி 10-ஆம் ஆண்டு இறுதி ஹஜ்ஜின்போது நூறு ஒட்டகங்களில் 63-ஐ நபி (ஸல்) அவர்கள் தம் கையாலேயே அறுத்தார்கள். மீதியை அலி (ரலி) அவர்கள் அறுத்தார்கள். இறைச்சியையும் தோலையும் சேணத் துணிகளையும் தருமம் செய்துவிடும்படியும், அவற்றிலிருந்து அறுப்பவருக்குக் கூலி கொடுக்கக் கூடாதென்றும் அலி (ரலி) அவர்களுக்குக் கட்டளையிடப்பட்டது. கூலியை நாங்கள் எங்களிடமிருந்தே கொடுத்துவிடுவோம் என்று அலி (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். பெருநாள் என்பதற்காக உழைத்தவரின் கூலியை இறைச்சியாலோ தோலாலோ சரிக்கட்டிவிட முடியாது என்பது இதிலிருந்து விளங்குகிறது. கூலியைக் கூலியாகக் கொடுங்கள். அதன்பின் அன்பளிப்பாக இறைச்சி கொடுத்தால் அது வேறு.

பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் மஹல்லா இளைஞர்கள் ஒரு மதரஸாவுக்காக வீடு வீடாகத் தோல் சேகரித்தோம். அவர்களில் நானும் ஒருவன். காலை பத்து மணிக்குள் முற்றத்தில் ஒரு குவியல் சேர்ந்துவிட்டது. உப்பு வாங்கி வர வேண்டியவர், சாப்பிட்டுவிட்டுப் போகலாமென்று வீட்டுக்குப் போனார். நாங்களும் போனோம். கறியும் சோறும் உண்டு, உறவினர் வீடுகளுக்குச் சென்று சலாம் சொல்லி, அஸர் தொழுதுவிட்டு வந்தபோதுதான் உப்பு வந்தது. வெயில் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. மறுநாள் மண்டியில் தோலை விரித்துப் பார்த்தவர் கையால் தடவினார், முடி கையோடு வந்தது. பாதிக்கு மேல் ஒதுக்கிவிட்டார். அந்த மதரஸாவில் எத்தனை எத்தீம் பிள்ளைகள் உண்டு என்று எங்களுக்குத் தெரியும். எத்தனை மாதத்து அரிசியை நாங்கள் அந்தப் பிற்பகலில் அழுக வைத்தோம் என்பது மட்டும் அன்று தெரியவில்லை. அல்லாஹ் மன்னிப்பானாக. குர்பானி கொடுத்தவர்கள் அத்தனை பேரும் அமானத்தாக எங்களிடம் தந்தது அது.

சில ஆண்டுகளாக ஆட்டுத்தோலின் விலை மிகவும் வீழ்ந்துவிட்டதால், இதற்கா இவ்வளவு பாடு என்று சிலர் தோலைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். விலை குறைந்தாலும் அமானத் குறைவதில்லை. தெருவில் அழுகும் தோலின் நாற்றம் அண்டை வீட்டாருக்குச் செய்யும் தீங்கு வேறு.

அந்த நிகழ்ச்சிக்கு மறு ஆண்டிலிருந்து எங்கள் மஹல்லாவில் ஏற்பாட்டை மாற்றினோம். உப்பு மூட்டைகள் அரஃபா நாள் அஸருக்கு முன்பே முற்றத்துக்கு வந்துவிட வேண்டும். இளைஞர்கள் இரண்டு பிரிவு. முதல் பிரிவு தொழுகை முடிந்ததும் தோலுக்கு வந்துவிடும். லுஹருக்குப் பின் வீட்டுக்குப் போய்விடும், அதன்பின் யாரும் அவர்களைக் கூப்பிடக் கூடாது. இரண்டாம் பிரிவு லுஹர் வரை வீட்டில் இருந்துவிட்டுப் பின்பு வரும். முதல் நாள் காலையில் வந்தவர்களுக்கு மறுநாள் பிற்பகல். பெயர்ப் பட்டியல் துல்ஹஜ் பிறை கண்ட இரவே பள்ளிவாசல் பலகையில் ஒட்டப்படும். விடுமுறைக்கு வெளியூர் போகிறவர் அன்றே பெயரை எடுத்துவிட வேண்டும். உப்புத் தேய்ப்பவர்களுக்கு நடுவில் வீட்டிலிருந்து சாப்பாடு வந்துவிடும். முற்றத்துத் திண்ணையில் பாய் விரித்து எல்லோரும் ஒரே தாலத்தில் உண்பார்கள். சின்னப் பிள்ளைகள் புதுச் சட்டையோடு வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

பக்கத்தில் ஒரு தோல் ஷாப்பிலும் இதே போன்ற ஏற்பாடு உண்டு. பெருநாள் தொழுகை நேரத்திலும் அதை அடுத்த சில மணி நேரத்திலும் வந்த தோலை வாங்கி உப்பிட இந்து, கிறிஸ்தவத் தொழிலாளர்கள் நின்றுகொள்கிறார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் நம்மவர்கள் அவர்களுக்காக நிற்கிறார்கள். கணக்குப்பிள்ளையின் நோட்டில் யார் யாருக்கு எத்தனை மணி நேரம் பாக்கி என்று எழுதியிருக்கிறது. சென்ற பெருநாளன்று நான் போனபோது, அங்கு நின்ற ஒரு கிறிஸ்தவப் பெரியவர் உப்புக் கையோடு சலாம் சொல்லிவிட்டு, டிசம்பரில் இரண்டு நாள் வாங்கிக்குவேன் பாய் என்று சிரித்தார். நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். அவர் பெயருக்கு நேராக ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்கள்.